ஒன்பது பேருக்கு வாசிக்கத் தெரியாது

அந்த டீச்சர் எந்தப் பிள்ளையையும் பாராட்டி நான் கேட்டதில்லை. ஒரு பக்கத்தைத் திக்காமல் வாசித்து முடித்தால் "அடுத்தது" என்பார். அந்த ஒரு சொல்லைக் கேட்பதற்காக மூன்றாம் வகுப்பு முழுவதும் ஏங்கிக் கிடந்தது. அதைக் கேட்டுவிட்ட பிள்ளை மதியச் சோற்றுக்கு வரிசையில் நிற்கும்போது முன்னால் நிற்பவனிடமும் பின்னால் நிற்பவனிடமும் சொல்லிவிட்டுத்தான் தட்டை நீட்டும்.

பெயரைச் சொல்லப் போவதில்லை. அவர் இன்னும் வேலையில் இருக்கிறார். தன்னைப் பற்றி யாராவது எழுதினால், இதில் நீங்கள் நேரில் பார்த்தது எது, அடுத்தவர் சொல்லிக் கேட்டது எது என்று ஓரத்தில் குறித்துத் திருப்பி அனுப்பக்கூடியவர். ஊரில் எல்லோருக்கும் அவர் மூணாப்பு டீச்சர். இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

மாப்பிள்ளையூரணியைத் தாண்டிக் கடலை ஒட்டி வடக்கே போகும் பாதையில், உப்பளங்களுக்கு நடுவே எங்கள் தொடக்கப்பள்ளி இருந்தது. ஐந்து வகுப்புக்கு மூன்று ஆசிரியர்கள். தலைமையாசிரியரான நான் நான்கையும் ஐந்தையும் பார்த்துக்கொண்டேன். ஒன்றையும் இரண்டையும் காயல்பட்டினத்திலிருந்து தினமும் இரண்டு பஸ் மாறி வரும் டீச்சர் பார்த்தார். அவருடைய கணவர் துபாயில் வேலை செய்தார். மூன்றாம் வகுப்புக்கு ஆளில்லாமல் இருந்த ஒரு ஜூன் மாதம்தான் இவர் மாறுதலில் வந்து சேர்ந்தார். நாற்பது வயதிருக்கும். பருத்திச் சேலை, தோளில் இரண்டு ஊக்கு, கையில் கறுப்புக் குடை. புதிதாக வருகிறவர்கள் உப்பளத்து வெளிச்சத்தில் கண் கூசி நாலைந்து நாள் கழித்துத்தான் குடை வாங்குவார்கள். இவர் முதல் நாளே குடையோடு வந்தார்.

நான் நாசரேத்துக்காரன். அப்பா வாத்தியார், பெரியப்பா வாத்தியார், இரண்டு அத்தைகளும் டீச்சர். பதிவேட்டை அடித்தல் திருத்தல் இல்லாமல் வைத்திருப்பதை எங்கள் வீட்டில் பக்தியோடு சேர்த்துத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். என் பதிவேடுகளைப் பார்த்துவிட்டுக் குறை சொன்ன அதிகாரி கிடையாது. அந்தப் பெருமை எனக்கு நிறையவே இருந்தது.

சேர்ந்த நாலாம் நாள் அவர் முந்தைய வருடத்து வாசிப்புப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தார். இரண்டாம் வகுப்பில் இருபத்திரண்டு பேர், அதில் பத்தொன்பது பேருக்குச் சரளமாக வாசிக்கத் தெரியும் என்று அதில் இருந்தது. கீழே என் கையெழுத்து.

"சார், நீங்க கேட்டுப் பாத்தீங்களா?" என்றார்.

அவர் அடிக்கடி கேட்கும் கேள்வி அதுதான் என்று அப்போது எனக்குத் தெரியாது. முப்பது வருட சர்வீஸ் என்று ஏதோ சொன்னேன். அது சரி, பிள்ளைகளை வாசிக்கச் சொல்லிக் கேட்டீர்களா என்று அதே குரலில் மறுபடியும் கேட்டார். குரலில் கோபமில்லை, ஏளனமும் இல்லை. அதனாலேயே என்னால் தப்பிக்க முடியவில்லை. பிள்ளைகள் உட்காரும் குட்டை பெஞ்சில் என்னை உட்கார வைத்து, இருபத்திரண்டு பேரையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்.

ஒரு பையன் யானைப் பாடம் முழுவதையும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே ஒப்பித்தான். பக்கத்தைத் திருப்ப வேண்டிய இடம் வருவதற்கு முன்பே திருப்பிவிட்டான். டீச்சர் படத்தைத் தன் உள்ளங்கையால் மூடி, நடுவில் இருந்த ஒரு சொல்லின்மேல் அவன் விரலை வைத்தார். பையன் மேலே பார்த்தான், கீழே பார்த்தான், கடைசியில் என்னைப் பார்த்தான். இப்படியே போனது. கடைசி வரைக்கும் கேட்டபோது உண்மையில் வாசிக்கத் தெரிந்தவர்கள் ஐந்து பேர்.

பதிவேட்டைத் திருத்திவிடும்படி சொன்னார். பார்க்கலாம் டீச்சர் என்றேன். பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று அரசு வேலையில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். அவருக்கும் தெரிந்தது. பதிவேட்டை என் மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அடுத்து அவர் போய் நின்றது காயல்பட்டினத்து டீச்சரிடம். இரண்டு வருடமாக ஒன்றும் இரண்டும் எடுத்தது யார், பிள்ளைகள் பாடத்தை எழுத்தாகப் படிக்காமல் பாட்டாகப் படித்திருக்கிறார்களே என்று கேட்டுவிட்டார். அந்த டீச்சர் அழுதுவிட்டார். அழுதபடியே அவர் சொன்னது எனக்கு இன்றும் அப்படியே ஞாபகம் இருக்கிறது: "நீங்க மூணாப்புல உக்காந்துக்கிட்டு ஒண்ணாப்பக் குறை சொல்லுதீங்க. ஒரு வாரம் வந்து எடுத்துப் பாருங்க. பொறவு பேசுங்க."

வேறு யாராக இருந்தாலும் இதோடு பேச்சுவார்த்தை நின்றிருக்கும். மூணாப்பு டீச்சர், திங்கட்கிழமையிலிருந்து எடுக்கிறேன் என்றார்.

ஒரு வாரம் இருவரும் வகுப்பை மாற்றிக்கொண்டார்கள். செவ்வாய்க்கிழமை ஒரு பிள்ளை மூணாப்பு டீச்சரின் சேலையில் வாந்தி எடுத்தது. புதன்கிழமை அவருக்குத் தொண்டை கட்டிவிட்டது. வியாழக்கிழமை பாதி வகுப்பு வரவில்லை. அன்று அளத்தில் உப்பு வாருகிறார்கள், அம்மாக்கள் விடிவதற்கு முன்பே போய்விட்டார்கள், பிள்ளைகளை எழுப்பி அனுப்ப வீட்டில் ஆளில்லை. வெள்ளிக்கிழமை மாலை மணி அடித்தபின் என் அறைக்கு வந்து, எனக்கு முன்னாலேயே காயல்பட்டினத்து டீச்சரிடம் கரகரத்த குரலில் சொன்னார்: "டீச்சர், நான் சொன்னது தப்பு. ஒங்க மேல குறையில்ல."

அந்த டீச்சர் பாதி விளையாட்டாக, இதை எழுதித் தருவீர்களா என்று கேட்டார். மூணாப்பு டீச்சர் உட்கார்ந்து உண்மையிலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அந்தத் தாளைக் காயல்பட்டினத்து டீச்சர் மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார். அன்றையிலிருந்து இருவரும் ஒரே டப்பாவில் சாப்பிட ஆரம்பித்தார்கள்.

குறை யாரிடம் என்றால், வருடத்திடம் என்றார் மூணாப்பு டீச்சர். ஆண்டுத் திட்டம் என்று மேலே இருந்து வருவது எல்லா மாதமும் ஒரே மாதிரி என்று நினைத்துப் போட்டது. எங்கள் ஊரில் மாதங்கள் ஒரே மாதிரி இருப்பதில்லை. நாமே ஒன்று போடுவோம் என்றார். அதற்கு நமக்கு அதிகாரம் கிடையாது, பாடநூல் வரிசையைத் தொடக்கூடாது என்றேன் நான். வரிசையைத் தொட வேண்டாம், எந்த இடத்தில் எத்தனை நாள் நிற்பது என்று மட்டும் போடுவோம் என்றார்.

ஏதோ கல்யாணத்துக்கு அடித்த பழைய பிளெக்ஸ் பேனரின் வெள்ளைப் பின்புறத்தைத் தரையில் விரித்து, வெள்ளிக்கிழமை தோறும் பள்ளி விட்டபின் மூவரும் அதைச் சுற்றி உட்கார்ந்தோம். முதல் வரியில் அவர் பாடங்களை எழுதவில்லை. ஊர் என்ன செய்கிறது என்று எழுதினார். ஜூனில் மீன்பிடித் தடைக்காலம் முடிந்து படகுகள் போகும். ஜூலைக் கடைசியில் மாதா கோயில் கொடியேற்றம், பத்து நாள் ஊரே டவுனில் இருக்கும். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் மழை, அளத்தில் வேலை கிடையாது, அப்பா அம்மா வீட்டில் இருப்பார்கள், பிள்ளை நேரத்துக்கு வரும். தை பிறந்தால் அளத்தில் பாத்தி மிதிக்கும் வேலை ஆரம்பிக்கும், சங்கு குளிக்கிறவர்கள் போய்விடுவார்கள், மாசியிலிருந்து வருகைப் பதிவேட்டில் ஓட்டை விழும். இதற்குக் கீழேதான் எழுத்துகளை எழுதினோம்.

பிள்ளைகள் எங்கே விழுகிறார்கள் என்று மூவருக்கும் தெரியும். க, கா, கி, கீ வரை ஓடி வருவார்கள். கொம்பில் மாட்டிக்கொள்வார்கள். 'கொடி' என்பதில் முன்னால் கொம்பு, நடுவில் எழுத்து, பின்னால் கால். இடமிருந்து வலமாகப் போகும் பிள்ளைக்கு அது 'கெ', அப்புறம் 'கா', அப்புறம் குழப்பம். பாடத்திட்டப்படி அதற்கு நாலு நாள். நாங்கள் மழைக்காலம் முழுவதையும் கொம்புக்குக் கொடுத்தோம். மழைக்கு லீவு விட்டுவிடுவார்களே என்றார் காயல்பட்டினத்து டீச்சர். லீவு விடாத மழையும் உண்டு என்றார் இவர்.

காலை முதல் ஒரு மணி நேரம் பள்ளியில் வகுப்பே கிடையாது என்று முடிவு செய்தோம். யாருக்கு எது வாசிக்க வருமோ அதன்படி மூன்று அறைகளில் பிரித்து உட்கார வைப்பது. ஐந்தாம் வகுப்பில் வாசிக்கத் தெரியாத பிள்ளை இரண்டாம் வகுப்புப் பிள்ளையோடு உட்கார வேண்டிவரும், வெட்கப்படுவான், வராமல் நின்றுவிடுவான் என்று நான் பயந்தேன். அதற்கும் அவர் வழி வைத்திருந்தார். நன்றாக வாசிக்கிற பிள்ளைகளையும் அறை மாற்றினார். வாரம் ஒரு முறை அறைகளையும் மாற்றினார். மணி அடித்ததும் பள்ளி முழுவதும் பையைத் தூக்கிக்கொண்டு குறுக்கும் நெடுக்கும் ஓடும். எது மக்கு அறை என்று வெளியிலிருந்து பார்க்கிறவருக்கும் தெரியாது, உள்ளே இருக்கிறவருக்கும் தெரியாது.

இதெல்லாம் எதற்கு என்று ஒரு நாள் தேநீர் குடிக்கும்போது கேட்டேன். அவர் தன் வீட்டைப் பற்றிப் பேசியது அந்த ஒரு தடவைதான். "எங்க அப்பா அளத்துலதான் சார் வேல பாத்தாரு. மூணாம் வகுப்பு தேர்ச்சின்னு சர்டிபிகேட் வச்சிருந்தாரு. சாகுற வரைக்கும் எந்த பஸ்சுன்னு ஆளக் கேட்டுத்தான் ஏறுவாரு." சொல்லிவிட்டு டம்ளரைக் கழுவப் போய்விட்டார்.

அடுத்த வருடம் நவம்பரில் வட்டாரக் கல்வி அலுவலர் பள்ளிக்கு வந்தார். மோசமான மனிதர் என்று சொல்ல மாட்டேன். நாற்பது பள்ளிகளின் கணக்கை ஒரு போனுக்குள் தூக்கிக்கொண்டு அலைகிறவர். மூன்றாம் வகுப்பில் ஜெனிட்டா என்ற பிள்ளையை வாசிக்கச் சொன்னார். 'அண்ணன் கடலுக்குப் போய் வருகிறான்' என்று புத்தகத்தில் இருந்ததை அவள், 'அண்ணன் கடலுக்குப் போயிட்டு வாரான்' என்று வாசித்தாள். அலுவலர் தவறு என்று குறித்துக்கொண்டார்.

மூணாப்பு டீச்சர் அவர் பக்கத்தில் போய் நின்று, பிள்ளை எழுத்தைப் பார்த்து அர்த்தத்தைப் பிடித்து அதைத் தன் வாயால் சொல்லியிருக்கிறாள், ஒப்பிக்கிற பிள்ளைக்கு இது வராது, இது தவறில்லை என்றார். அதன் பிறகு ஜெனிட்டாவிடம் திரும்பி, வீட்டில் எப்படிச் சொல்லுவ என்று கேட்டார். வாரான் என்றாள். புத்தகத்தில் எப்படி இருக்கிறது என்று கேட்டார். ஜெனிட்டா விரலை வைத்து, 'வருகிறான்' என்று ஒவ்வொரு எழுத்தாக வாசித்தாள். டீச்சர் அலுவலரைப் பார்த்தார். அவர் குறிப்பை அடிக்கவில்லை. டீச்சர் அங்கிருந்து நகரவும் இல்லை. கடைசியில் அலுவலர் அந்த வரியை அடித்துவிட்டு அடுத்த வகுப்புக்குப் போனார். வெளியே வந்ததும் அந்த டீச்சருக்குக் கொஞ்சம் திமிர் அதிகம் என்றார் என்னிடம். ஆமாம் சார் என்றேன்.

ஆமாம் என்றது நான்தான். இதை எழுதாமல் விட்டால் மீதி எழுதுவதில் பிரயோசனம் இல்லை.

தை மாதம் துறையிலிருந்து ஒரு புது ஆப் வந்தது. ஒவ்வொரு பிள்ளையின் வாசிப்பையும் போனில் ஏற்ற வேண்டும். தெரியாவிட்டால் சிவப்பு, அரைகுறை என்றால் மஞ்சள், தெரிந்தால் பச்சை. மூன்றாம் வகுப்பு முழுவதும் பச்சையாக இருக்க வேண்டும் என்பது வட்டாரத்துக்கு வைத்த இலக்கு. டீச்சர் தன் வகுப்பு இருபத்து நாலு பேரையும் இரண்டு நாள் உட்கார்ந்து கேட்டார். பதினைந்து பச்சை, ஒன்பது சிவப்பு என்று ஏற்றினார். முந்தைய வருடத்தோடு ஒப்பிட்டால் அந்தப் பதினைந்துக்கே ஊரைக் கூட்டி விருந்து வைத்திருக்கலாம். ஆனால் ஆப்பில் அந்த ஒன்பதுதான் தெரிந்தது.

அலுவலர் போன் செய்தார். வட்டாரத்தில் உங்கள் பள்ளி ஒன்றுதான் சிவப்பில் நிற்கிறது, மறுநாள் ஐந்து மணிக்குள் சரிசெய்துவிடுங்கள் என்றார். சரிசெய்வது என்றால் என்ன என்று அவரும் விளக்கவில்லை, நானும் கேட்கவில்லை. மறுநாள் மூணாப்பு டீச்சர் டவுனில் பயிற்சிக்குப் போயிருந்தார். மூன்றரை மணிக்கு, பிள்ளைகள் மைதானத்தில் விளையாடிக்கொண்டிருந்தபோது, என் லாகினில் போய் ஒன்பது பேரையும் ஒவ்வொருவராகப் பச்சைக்கு மாற்றினேன். மாரிச்செல்வி என்ற பெயர் வந்தபோது என் விரல் ஒரு நொடி தயங்கியது என்று எழுதினால் நன்றாக இருக்கும். தயங்கவில்லை. எனக்கு ஓய்வுக்கு ஒன்றரை வருடம் இருந்தது.

மறுநாள் காலை டீச்சர் போனோடு என் அறைக்கு வந்தார். திரையை என் பக்கம் திருப்பி வைத்தார்.

"கேட்டுப் பாத்தீங்களா சார்?"

மேலிடம், நெருக்கடி, ஓய்வு, பென்ஷன் என்று நான் சொன்னதையெல்லாம் முழுவதும் கேட்டார். பிறகு, இந்த ஒன்பது பேருக்கும் வாசிக்கத் தெரியும் என்று ஒரு தடவை பதிவாகிவிட்டால் அவர்களுக்கு அதற்கப்புறம் யாரும் வாசிக்கச் சொல்லித் தர மாட்டார்கள் என்று மட்டும் சொன்னார். அவர் சொன்னபடியே ஆனது. அந்த வாரமே சுற்றறிக்கை வந்தது. பச்சையான பள்ளிகளில் தனி வாசிப்பு நேரம் வேண்டியதில்லை, பாடநூலை முடிக்கவும். சிவப்புப் பிள்ளைகளுக்கென்று அனுப்புகிற சிறு புத்தகக் கட்டு இந்தப் பள்ளிகளுக்குக் கிடையாது. எங்கள் முதல் மணி நேரம் ஒரே தாளில் போய்விட்டது.

டீச்சர் ஒரு கடிதம் எழுதினார். அரைப்பக்கம்கூட இல்லை. என் வகுப்பில் ஒன்பது பேருக்கு வாசிக்கத் தெரியாது, தெரியும் என்று செயலியில் உள்ள பதிவு தவறு, திருத்திக் கொடுக்கவும். கீழே ஒன்பது பெயர்கள். அலுவலருக்கு நேராக அனுப்பியிருக்கலாம். அவர் முறைப்படி 'தலைமையாசிரியர் வழியாக' என்று போட்டு என் மேசையில் வைத்தார். என் தப்பைச் சொல்லும் கடிதத்தை நானே கையெழுத்திட்டு மேலே அனுப்ப வேண்டும்.

இரண்டு நாள் அது மேசையில் கிடந்தது. மேலே பேப்பர் வெயிட்டை வைத்தேன். அதற்கு மேல் ஒரு பைலை வைத்தேன். டீச்சர் ஒரு முறைகூட வந்து ஞாபகப்படுத்தவில்லை. அப்படிச் செய்திருந்தால் கோபப்பட்டாவது தப்பித்திருப்பேன். மூன்றாம் நாள் மதியம் மாரிச்செல்வியைக் கூப்பிட்டு ஒரு புத்தகத்தைக் கொடுத்தேன். அவள் அம்மா அளத்தில் உப்புச் சுமக்கிறவர். பிள்ளை வாசிக்க ஆரம்பித்தாள். 'கெ' என்றாள். நிறுத்தினாள். 'கா' என்றாள். விரலை எடுத்து மறுபடியும் முதல் எழுத்தில் வைத்தாள். அவளுக்கு வெட்கமே இல்லை. அது வரும், கொஞ்சம் பொறுங்கள் என்பது போல் என்னைப் பார்த்துவிட்டு மூன்றாம் தடவை ஆரம்பித்தாள். பிள்ளை தன் தப்பை மறைக்கவில்லை. மறைத்தது நான்.

அவளை அனுப்பிவிட்டுக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டேன்.

அலுவலர் எங்கள் இருவரையும் வரச் சொன்னார். அறையில் எங்களை உட்காரச் சொல்லவில்லை. கடிதத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள், விஷயத்தை இங்கேயே முடித்துக்கொள்ளலாம் என்றார். முடியாது சார் என்றார் டீச்சர்.

"எல்லா ஸ்கூலும் பச்சையில இருக்கு டீச்சர். ஒங்க ஸ்கூல் மட்டும் சிவப்புன்னா மேல நான் என்ன பதில் சொல்லட்டும்?"

"எல்லா ஸ்கூலும் பச்சைன்னா, நீங்கதான் சார் மொதல்ல பயப்படணும்."

அலுவலர் முகம் கறுத்துவிட்டது. என் பக்கம் திரும்பி, நீங்கள் சொல்லுங்கள், இவர் கடிதத்தில் எழுதியிருப்பது சரியா என்று கேட்டார். எனக்கு வழி திறந்து வைக்கிறார் என்று புரிந்தது. பார்க்கலாம் சார் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த வார்த்தையை நான் முப்பது வருடமாகச் சொல்லியிருக்கிறேன்.

"கடிதத்துல உள்ளது சரிதான் சார். பதிவுதான் தப்பு. அதப் போட்டது நான்" என்றேன்.

பெரிய வீரம் ஒன்றுமில்லை. டீச்சர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது மட்டும், குடையைக் கொஞ்சம் என் பக்கமாகச் சாய்த்துப் பிடித்தார்.

இருவருக்கும் விளக்கம் கேட்டு மெமோ வந்தது. ஆசிரியர் சங்கத்து ஆட்கள், வருந்துகிறேன், இனி இவ்வாறு நேராது என்று ஒரு வரி எழுதிக் கொடுத்துவிடுங்கள், அத்தோடு போய்விடும் என்றார்கள். நான் அப்படித்தான் எழுதினேன். என் விஷயத்தில் அது உண்மையாகவும் இருந்தது. டீச்சர், வருந்துவதற்கு எதுவும் செய்யவில்லை என்று எழுதினார். ஆனால் கடிதம் கோப்பில் ஏறிவிட்டபின் அலுவலகத்தால் அதை விழுங்க முடியவில்லை. ஒன்பது பேரும் திரும்பச் சிவப்புக்கு வந்தார்கள். முதல் மணி நேரம் திரும்ப வந்தது. மூன்று வாரம் கழித்து சிறு புத்தகக் கட்டும் வந்தது. அதைப் பிரிக்க டீச்சர் இல்லை. நிர்வாகக் காரணத்துக்காக ஆத்தூர்ப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கு மாற்றுப்பணி என்று அவருக்கு அதற்கு முன்பே உத்தரவு வந்திருந்தது.

கடைசி நாளும் நாலு மணி பத்து நிமிடம் வரை அவர் பாடம்தான் எடுத்தார். சேதி தெரிந்து அளத்திலிருந்து பெண்கள் நேராக வந்துவிட்டார்கள். பத்துப் பன்னிரண்டு பேர், தலையில் துண்டு, காலில் உப்பு வெடிப்பு. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசுக்குப் போய் மனுக் கொடுக்கப் போகிறோம், டீச்சரை அனுப்ப விடமாட்டோம் என்றார் மாரிச்செல்வியின் அம்மா.

டீச்சர் வேண்டாம் என்றார். "எனக்காக மனுக் குடுத்தா இன்னொரு டீச்சரப் போடுவாங்க, நீங்களும் வீட்டுக்குப் போயிருவீங்க. மாசத்துக்கு ஒரு நா இங்கன வந்து உக்காந்து ஒங்க பிள்ளைக வாசிக்கதக் கேளுங்க. அது போதும்."

"எங்களுக்கு எழுத்து தெரியாதுலா டீச்சர்."

"காது இருக்குலா?"

அப்போதே அங்கேயே அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். புத்தகத்தை நீங்களே நடுவில் எங்கேயாவது பிரித்துக் கொடுங்கள், முதல் பக்கத்தில் ஆரம்பிக்க விடாதீர்கள். படத்தைக் கையால் மூடிக்கொள்ளுங்கள். விரல் நகருகிறதா என்று பாருங்கள். எங்கே நிற்கிறது என்று கேளுங்கள். முடிந்ததும், என்ன நடந்தது என்று கதையைச் சொல்லச் சொல்லுங்கள். ஒரு அம்மா சிரித்தார், நாங்கள் என்ன இன்ஸ்பெக்டரா என்று. ஆமாம் என்றார் டீச்சர். அவர் சிரிக்கவில்லை.

போகும்போது எனக்கும் காயல்பட்டினத்து டீச்சருக்கும் ஒரு வணக்கம். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவர் எங்களுக்குப் போன் செய்ததில்லை. நான் செய்தால் எடுப்பார், எத்தனை சிவப்பு என்று கேட்பார், சொன்னதும் வைத்துவிடுவார். ஆத்தூரில் வெற்றிலைக் கொடிக்காலுக்கு அம்மாக்கள் எந்த மாதம் போகிறார்கள், எத்தனை மணிக்குத் திரும்புகிறார்கள் என்று வீடு வீடாக விசாரித்துக்கொண்டிருக்கிறார் என்று அந்தப் பக்கத்து ஆசிரியர் ஒருவர் சலித்துக்கொண்டார். அங்கே போயும் அடங்கவில்லை என்றார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

அளத்துப் பெண்கள் முதல் மாதம் வரமாட்டார்கள் என்று நினைத்தேன். வந்தார்கள். வேலை முடிந்த கையோடு மதியம் இரண்டு மணிக்கு வந்து தரையில் உட்கார்ந்தார்கள். கூச்சத்தில் பாதிப் பேர் வாயை முந்தானையால் மூடிக்கொண்டார்கள். பிள்ளைகளுக்கும் கூச்சம். மூன்றாம் மாதம் கூச்சம் போய், ஏளா, விரல எடுக்காத என்று அதட்டத் தொடங்கிவிட்டார்கள். ஜூனில் அந்த வகுப்பு நான்காம் வகுப்பாகி என்னிடம் வந்தபோது, ஒன்பதில் ஆறு பேர் வாசித்தார்கள். மூன்று பேருக்கு இன்னும் வரவில்லை. மாரிச்செல்வி அந்த மூவரில் ஒருத்தி. ஆப்பில் மூன்றையும் சிவப்பாகவே ஏற்றினேன். யாரும் போன் செய்யவில்லை.

ஆகஸ்டில் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் நடந்தது. அதே அலுவலர் வந்திருந்தார். வாசிப்பில் முன்னேறிய பள்ளி என்று எங்களுக்கு ஒரு சான்றிதழைக் கண்ணாடி போட்டுக் கொண்டுவந்திருந்தார். படம் எடுக்க ஆளும் கூட வந்திருந்தது. அலுவலர் எழுந்து, பெற்றோர்களின் ஒத்துழைப்பு என்று ஆரம்பித்தார். மாரிச்செல்வியின் அம்மா எழுந்து நின்றார். வேலையிலிருந்து நேராக வந்ததால் புடவை முழங்கால்வரை ஈரமாக இருந்தது.

"சார், மொதல்ல பிள்ளைக வாசிக்கட்டும். பொறவு நீங்க பேசுங்க."

அலுவலர் என்னைப் பார்த்தார். அடுத்த பள்ளிக்கு நேரமாகிறது, வாசிப்பை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாமே என்றார். நான் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டேன், உட்கார்ந்தார். காயல்பட்டினத்து டீச்சர் போய் நான்காம் வகுப்பை வரிசையாகக் கூட்டி வந்தார். பின்னால் உட்கார்ந்திருந்த பெண்களும் ஒவ்வொருவராக எழுந்து நின்றுவிட்டதால், நாற்காலியில் உட்கார்ந்திருந்தது அலுவலர் ஒருவர்தான்.

முதல் பிள்ளை வாசித்தாள். நடுப்பக்கம், படத்தின்மேல் அவள் அம்மாவின் கை. திக்காமல் வாசித்தாள். அலுவலர் கைதட்டிவிட்டு, போதும்மா, ரொம்பச் சந்தோஷம் என்று சொல்லிச் சான்றிதழை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

மாரிச்செல்வியின் அம்மா வழியை விடவில்லை.

"இன்னும் இருவத்திமூணு பிள்ளைக இருக்கு சார். எம் பிள்ளைக்கு வாசிக்க வராது, அதையும் கேட்டுட்டுப் போங்க. உக்காருங்க."